அத்தி மேல் அத்தி: சீமை அத்திக்கு ஒட்டுக்கன்று எப்போது தேவை?

பொம்மசந்திரா (பெங்களூரு): தொழிற்பேட்டையாலும், 2025-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தின் கடைசி நிலையத்தாலும் அறியப்படும் பொம்மசந்திரா, ஆனேக்கல் வட்டத்தின் செம்மண் பரப்பில் அமைந்துள்ளது. ஆலைகளும் அடுக்குமாடிகளும் வருவதற்கு முன்பு கேழ்வரகும் காய்கறியும் மல்பெரியும் விளைந்த வட்டாரம் இது. எஞ்சியுள்ள நிலத்திலோ வீட்டுத் தோட்டத்திலோ சீமை அத்தி நட விரும்புவோர் முதலில் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. குச்சியிலிருந்து வளர்த்த கன்றை வாங்குவதா, கூடுதல் விலை கொடுத்து ஒட்டுக்கன்றை வாங்குவதா? இதற்கான விடை பழத்தில் இல்லை. மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

பெயர் ஒன்று, மரம் இரண்டு

தமிழில் 'அத்தி' என்ற சொல் இரண்டு மரங்களைக் குறிக்கிறது. உலர்ந்த வடிவில் கடைகளில் விற்கப்படும் பழத்தைத் தருவது சீமை அத்தி. இதன் அறிவியல் பெயர் ஃபைகஸ் காரிகா, கன்னடத்தில் 'அஞ்சூர'. ஆற்றோரங்களில் ஓங்கி வளர்ந்து, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்ப்பது நாட்டு அத்தி, அதாவது ஃபைகஸ் ரெசிமோசா. காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளி, கடைசியாக 2019-இல் காட்சி தந்த அத்தி வரதரின் திருமேனி இந்த நாட்டு அத்தி மரத்தால் ஆனது. கன்னடத்தில் 'அத்தி' என்றால் இந்த மரம் மட்டுமே. பெங்களூரில் கன்று கேட்கும் தமிழர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இந்த இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒன்றின் வேரில் மற்றொன்றின் கிளையை ஒட்ட முடிகிறது. வேரைத் தரும் கீழ்ப்பகுதி வேர்ச்செடி எனவும், பழம் தரும் மேல்பகுதி ஒட்டுக்குச்சி எனவும் அழைக்கப்படுகின்றன.

ஒட்டாமலே வளரும் மரம்

மாவைப் போலச் சீமை அத்திக்கு ஒட்டு கட்டாயம் அன்று. பென்சில் பருமனில், சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்தில் முற்றிய குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும். கிராமங்களில் இதைப் போத்து நடுதல் என்பார்கள். புணேவை அடுத்த புரந்தர் வட்டாரம் அத்திக்காகவே புவிசார் குறியீடு பெற்றது. அங்கும், கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிய கஞ்சாம், பள்ளாரி போன்ற பகுதிகளிலும் வழக்கமாக நடப்படுவது குச்சிக் கன்றுகளே.

விதையிலிருந்து வளர்க்காததற்கும் காரணம் உண்டு. அத்தியின் பூக்கள் வெளியே தெரிவதில்லை. பழமாகத் தோன்றும் உருண்டைக்குள்ளேயே மலர்கின்றன. 'அத்தி பூத்தாற்போல்' என்ற வழக்கு பிறந்தது அதனால்தான். உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கத் தனிச் சிறப்பான ஒரு குளவி தேவை. இந்தியாவில் பயிராகும் புணே அத்தி, டயானா போன்ற இரகங்கள் மகரந்தச் சேர்க்கை இன்றியே பழுப்பவை. எனவே அவற்றின் விதைகள் முளைப்பதில்லை. நாட்டு அத்திக்கு உரிய குளவி இங்கே இயல்பாகவே வாழ்கிறது. அதன் விதைகள் முளைக்கும். வேர்ச்செடிக்கான நாற்றுகளை எளிதில் உருவாக்க முடிவது அதனால்தான்.

வேரில் விழும் முடிச்சு

குச்சிக் கன்று இவ்வளவு எளிதாக வளரும்போது ஒட்டு எதற்கு? முதன்மைக் காரணம் வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழுக்கள் இளவேர்களுக்குள் புகுந்து, வேரைத் திரளச் செய்து முடிச்சுகளாக்குகின்றன. நீரும் ஊட்டமும் மேலே செல்வது தடைபடுகிறது. உச்சி வெயிலில் இலைகள் வாடும்; மாலையில் நிமிரும்; மரம் ஆண்டுதோறும் சிறுத்துக்கொண்டே வரும். உரம் போட்டும் பயன் தெரியாது. சீமை அத்தி இந்தப் புழுவுக்கு எளிதில் இரையாகும் மரம். வடிகால் நன்றாக உள்ள மணற்பாங்கான செம்மண் அத்திக்கு எவ்வளவு ஏற்றதோ, அவ்வளவு நூற்புழுவுக்கும் ஏற்றது.

பெங்களூரைச் சுற்றியுள்ள நிலங்களின் கடந்த காலம் இங்கே முக்கியமாகிறது. தக்காளி, கத்தரி, வெண்டை ஆகிய மூன்றும் இதே நூற்புழுவைப் பெருக்குபவை. பட்டுப்புழு வளர்ப்புக்காகப் பயிரிடப்படும் மல்பெரியையும் இது தாக்குகிறது. மல்பெரி அத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த செடியே. பல ஆண்டுகள் காய்கறியோ மல்பெரியோ இருந்த நிலத்தில் வெறும் குச்சிக் கன்றை நடுபவர், பழம் எதிர்பார்க்கும் காலத்தில் வாடிய மரத்தைக் காண நேரிடலாம். ஒரு பருவப் பயிராக இருந்தால் அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். இது பல ஆண்டுகள் நிற்க வேண்டிய மரம்.

நாட்டு அத்தியின் வேர் இந்த நூற்புழுவை எதிர்த்து நிற்கக்கூடியது. ஆகவே அது வேர்ச்செடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

வீரியம் வரமா?

வேர்ச்செடி, நோயைத் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. மேலே உள்ள மரத்தின் வளர்ச்சியையும் மாற்றுகிறது. நாட்டு அத்தி பெருமரமாகும் இயல்புடையது. அதன் வேர் ஆழமாகவும் அகலமாகவும் பரவி, அதிக நீரையும் தழைச்சத்தையும் மேலே அனுப்புகிறது. வளம் குறைந்த நிலத்தில் இது நன்மை. வளமான நிலத்தில் கிளைகள் மளமளவென நீண்டு, இலை மிகுந்து, காய்ப்பு பின்தங்க வாய்ப்பு உண்டு. முறையான கவாத்து இல்லாவிட்டால் பழம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

திராட்சையில் இந்த அனுபவம் ஏற்கெனவே கிடைத்துள்ளது. உவர்ப்பையும் நூற்புழுவையும் தாங்கும் 'டாக்ரிட்ஜ்' என்ற வேர்ச்செடி இந்தியத் திராட்சைத் தோட்டங்களில் பரவலாக இடம்பிடித்தது. அதே வேர்ச்செடி, நல்ல நிலத்தில் கொடியை மட்டுமீறி வளரவிட்டுக் காய்ப்பைக் குறைக்கும் என்பதையும் விவசாயிகள் அறிந்துகொண்டனர்.

பெங்களூரின் 30-க்கு 40 அடி மனைகளில் இந்த வீரியம் வேறு வகையில் தொல்லை தரும். சுவரையும் கழிவுநீர்த் தொட்டியையும் ஒட்டி நாட்டு அத்தி வேரை இறக்குவது அறிவுடைமை ஆகாது. மாடியில் பீப்பாயில் வளர்ப்போருக்கும் அது தேவையில்லை. தூய மண் கலவையில் நடப்படும் குச்சிக் கன்றே அங்கு போதுமானது.

எதிர்ப்புத்திறன் மட்டும் போதாது என்பதற்கு ஜப்பான் ஒரு சான்று. அங்கு அத்தி மரங்களை மண்வழிப் பூஞ்சை நோய் ஒன்று கொன்றுவந்தது. அந்த நோயைத் தாங்கும் காட்டு அத்தி இனமான ஃபைகஸ் எரெக்டாவில் ஒட்டியபோது, வேர் நோயைத் தாங்கியது. ஆனால் ஒட்டு நீடிக்கவில்லை. இரு இனங்களின் திசுக்களும் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. பின்னர் ஆய்வாளர்கள் இரண்டையும் கலப்பினம் செய்து, அந்தக் கலப்பினத்தை வேர்ச்செடியாக்கும் வழிக்குச் சென்றனர்.

பால் வடியும் ஒட்டு

ஒட்டு பிடிப்பதன் அடிப்படை எளியது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்திசு ஒன்று உள்ளது. வேர்ச்செடியின் வளர்திசுவும் ஒட்டுக்குச்சியின் வளர்திசுவும் நெருக்கமாகத் தொட்டால், வெட்டுக்காயம் ஆறும்போது புதுத் திசு உருவாகி, நீர் செல்லும் குழாய்கள் இணைகின்றன. அத்தியில் கூடுதல் இடையூறு, வெட்டியவுடன் வடியும் வெண்பால். அது இடையில் உறைந்தால் திசுக்கள் சேராது. எனவே பால் நிற்கும் வரை காத்திருந்து, துடைத்த பிறகே பொருத்திக் கட்ட வேண்டும். பால் தோலில் பட்டால் எரிச்சல் உண்டாகும் என்பதால் கையுறை அவசியம். பெங்களூரில் மரம் ஓய்ந்திருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்கள் குச்சி எடுக்க ஏற்றவை.

ஒட்டு வெற்றி பெற்ற பிறகும் அதன் பயன் கைநழுவிப் போகலாம். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்குள் புதைந்தால், சீமை அத்தி தன் இயல்புப்படி அங்கேயே வேர் விட்டுவிடும். அந்த வேர்களை நூற்புழு தாக்கும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வேர்ச்செடி பெயருக்கு மட்டும் இருக்கும். ஒட்டு, தரைக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். மண் அணைக்கும்போதும் மூடாக்கு இடும்போதும் இதில் கவனம் தேவை.

மாறாக, ஒட்டுக்குக் கீழிருந்து துளிர்க்கும் கிளைகள் நாட்டு அத்தியுடையவை. அவற்றை அடையாளம் காண்பது எளிது. சீமை அத்தியின் இலை விரித்த கைபோல் பிளவுபட்டுச் சொரசொரப்பாக இருக்கும். நாட்டு அத்தியின் இலை பிளவின்றி வழுவழுப்பாக இருக்கும். பிளவற்ற இலையைக் கண்டதும் அந்தத் துளிரை அடியோடு நீக்காவிட்டால், அது மேல்மரத்தை மிஞ்சிவிடும். நாற்றுப்பண்ணையில் வாங்கும்போதும் ஒட்டுத்தழும்பு இருக்கிறதா, கீழே எந்த வேர்ச்செடி என்பதைக் கேட்டறிவது வாங்குபவரின் உரிமை.

மண்ணைக் கேட்ட பிறகு

நூற்புழு இருக்கிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. நிலத்தின் பல இடங்களில் மண் எடுத்துத் தொட்டியில் நிரப்பி, தக்காளி நாற்றை நட்டு, ஆறு வாரங்கள் கழித்து வேரோடு பிடுங்கிக் கழுவிப் பார்க்கலாம். மணிமணியாக முடிச்சுகள் தெரிந்தால் புழு உள்ளது. முறையான பரிசோதனைக்கு வேளாண் பல்கலைக்கழகங்களை அணுகலாம். முடிச்சு இல்லாத நிலத்தில் ஒட்டுக்கன்றுக்குச் செலவிட வேண்டிய கட்டாயம் இல்லை. புழு குறைவாக உள்ள இடத்தில் வேப்பம் புண்ணாக்கு இடுதல், செண்டுமல்லி பயிரிடுதல் ஆகியவை அதன் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த உதவுகின்றன.

மழைக்காலத்தில் இலைகளை உதிர்க்கும் துரு நோய்க்கும், தொடர் மழையில் பழம் வெடிப்பதற்கும் வேர்ச்செடி தீர்வாகாது. அவை இரகத்தையும் பருவத்தையும் பொறுத்தவை.

ஏற்கெனவே நூற்புழுவால் நலிந்த மரம் வைத்திருப்போர் அந்த இரகத்தை இழக்க வேண்டியதில்லை. இந்தப் புழு வேரில் வாழ்வது, கிளைகளில் இருப்பதில்லை. மரம் பட்டுப்போகும் முன் நலமான கிளையிலிருந்து குச்சி எடுத்து, நாட்டு அத்தி நாற்றில் ஒட்டி வளர்த்துக்கொள்ளலாம்.