முற்றுகை நாளில் வாங்கிய நிலம்

துன்பம் வந்துற்ற காலத்து மனிதன் முதலில் நாடுவது ஆறுதலையே. அந்த ஆறுதலை உலகின் பழம்பெரும் நூல்கள் ஒவ்வொன்றும் தத்தமக்குரிய முறையில் வழங்குகின்றன. வள்ளுவப் பெருந்தகையார் இதற்கென்றே ‘இடுக்கண் அழியாமை’ என்னும் 63ஆம் அதிகாரத்தை வகுத்தார். கிறித்தவ மக்களின் திருமறையாகிய விவிலியத்திலோ இப்பொருள் ஓர் அதிகாரத்தில் அடங்குவதன்று. நூல் முழுவதும் இழையோடிக் கிடக்கின்றது. நாடிழந்தோரும், சிறைப்பட்டோரும், மக்களைப் பறிகொடுத்தோரும் பேசும் பேச்சே அதன் பெரும்பகுதி எனலாம்.

கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் ஆகிய நகர்களிலும் தோட்டப்புறங்களிலும் வாழும் தமிழருள் கிறித்தவர் தொகையாற் சிறியோர். எனினும் நாடுவிட்டு நாடு வந்து உழைத்த ஒரு மக்களின் வரலாற்றோடு இந்நூலின் சில பகுதிகள் மிக நெருங்கி நிற்றலின், சமயம் கடந்து இலக்கியமாக நோக்குவார்க்கும் அவை பயன்தரும். துன்பக் காலத்தில் விவிலியம் தரும் நம்பிக்கை எத்தகையது என்பதை ஆராய்ந்து அறிதல் நன்று.

அழுகைக்கு இடம் தந்த நூல்

விவிலியத்திலுள்ள சங்கீதங்கள் 150. இவற்றைத் திருப்பாடல்கள் என்றும் வழங்குவர். இவை அனைத்தும் புகழ்ப்பாக்கள் என்று எண்ணுவோர் உளர். உண்மை அவ்வாறில்லை. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டவை முறையீடுகளே. இறைவன் தன்னை மறந்துவிட்டானோ, இன்னும் எத்தனை காலம் பொறுப்பது என்று பாடுவோன் நேர்நின்று வினவுகின்றான். பெரும்பாலான முறையீடுகள் இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்பினும், 88ஆம் சங்கீதம் இருளைச் சொல்லியே முடிந்துவிடுகின்றது. அதனையும் நூலினின்று நீக்காமல் வைத்துள்ளமை கருதத்தக்கது. விடிவு காணாமலே முடிந்த துயரமும் வழிபாட்டிற்கு உரியதே என்பதைத் தொகுத்தோர் உணர்ந்திருந்தனர் போலும்.

தமிழருக்கு இது புதிதன்று. இறந்தாரை எண்ணிச் செயலற்று வருந்தும் நிலையைக் கையறுநிலை என்று ஒரு துறையாகவே வகுத்தது தமிழ் இலக்கணம். ஒப்பாரியோ ஊர்தோறும் உள்ளது. கடல்கடந்து தோட்டங்களுக்கும் வந்தது.

‘புலம்பல்’ என்றே பெயர்பெற்ற நூலொன்றும் விவிலியத்தில் உண்டு. பாபிலோனியர் எருசலேமைத் தீக்கிரையாக்கிய பேரழிவைப் பாடுவது அது. அவ்வழிவு கி.மு. 587 அல்லது 586இல் நிகழ்ந்தது என்பர். இந்நூலின் அமைப்பு தமிழாசிரியர்கள் சுவைத்தற்குரியது. எபிரேய எழுத்துக்கள் 22. முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்கள் எழுத்துக்கு ஒரு பாட்டாக அகரவரிசையில் நடக்கின்றன. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66 அடிகள் உள்ளன. ஐந்தாம் அதிகாரத்தில் எண்ணிக்கை 22ஆக இருப்பினும் எழுத்துவரிசை இல்லை. நம் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அகரவரிசையால் அறம் கற்பித்தன. இங்கோ அழுகையே அகரவரிசையில் அமைகின்றது. அடங்காத துயரத்திற்கு ஒரு வரம்பு கட்டும் முயற்சி அது.

இப்புலம்பலில் நம்பிக்கை எங்கே வருகின்றது? தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை. நூலின் நடுவாகிய மூன்றாம் அதிகாரத்தில், கசப்பை எல்லாம் எண்ணி முடித்த ஒருவன், இறைவனின் இரக்கம் இன்னும் தீர்ந்துவிடவில்லை, அது காலைதோறும் புதிதாகின்றது என்று நினைவுகூர்கின்றான். அதன் பின்னும் அழுகை தொடர்கின்றது. நம்பிக்கை துயரத்தைத் துடைத்தெறியவில்லை; துயரத்தின் நடுவே நின்று அதனைத் தாங்குகின்றது.

போலி ஆறுதல்

அழுகைக்கு இடம் தந்த அதே நூல், பொய்யான ஆறுதலைக் கடுமையாக மறுக்கின்றது. எருசலேமின் இறுதி அழிவிற்கு முன்னரே, கி.மு. 597இல், ஒரு கூட்டத்தார் பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்டனர். அவர்கள் இரண்டே ஆண்டுகளில் திரும்பிவிடுவர் என்று அனனியா என்பவன் முழங்கினான். மக்கள் கேட்க விரும்பிய சொல் அது. எரேமியா என்னும் இறைவாக்கினரோ அதை ஏற்கவில்லை. சிறைப்பட்டோர்க்கு அவர் விடுத்த திருமுகம் அவர் பெயரால் வழங்கும் நூலின் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. திரும்புதற்கு எழுபது ஆண்டுகள் செல்லும் என்றார் அவர். ஆதலால் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நட்டு அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், வாழும் நகரின் நலத்தை நாடுங்கள் என்று எழுதினார்.

இத்திருமுகத்தின் நடுவே, இறைவன் எண்ணுவது தீமையையன்று, நல்ல எதிர்காலத்தையே என்னும் ஒரு வாக்கு வருகின்றது. நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் இவ்வாக்குத் தனியே அச்சிடப்படுகின்றது. ஆயின் அதை முதன்முதல் கேட்டவருட் பெரும்பாலோர் எழுபது ஆண்டு வாழ்ந்து ஊர் திரும்பியிருக்க மாட்டார். ‘உங்கள் கண்முன்னே எல்லாம் சரியாகும்’ என்று அது கூறவில்லை. பேரப்பிள்ளைகள் காணப்போகும் நாளுக்காக இன்றைக்குத் தோட்டம் நடுக என்றே கூறிற்று.

போலி ஆறுதல் எவ்வளவு கொடியது என்பதைக் கெடாத் தமிழர் தம் வரலாற்றிலேயே அறிந்தனர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கிய சில நாட்களிலேயே கெடாவிலுள்ள ஜித்ராவில் பிரித்தானியரின் காவல் உடைந்தது. ரப்பருக்குச் சந்தை இல்லாது போயிற்று. அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. அந்நிலையில் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்கு ஆள் சேர்த்தனர். நல்ல கூலி, சில மாத வேலை, பிறகு வீடு திரும்பலாம் என்பதே கொடுக்கப்பட்ட வாக்கு. ஏமாற்றியும் வற்புறுத்தியும் மலாயாவினின்று கொண்டு செல்லப்பட்டவர் சுமார் 75,000 பேர் என மதிப்பிடுவர். அவர்களுட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. காலராவாலும் பசியாலும் அடியாலும் மாண்டவர் பல்லாயிரவர். அதே மாதத்தில் கெடா மாநிலமே சயாமின் ஆட்சிக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டது. கணவனோ மகனோ வருவான் என்று லயத்து வாசலில் காத்திருந்தவர்களிடம் இரண்டு ஆண்டு அனனியாக்களின் சொல் எடுபடாது. அவர்களுக்குப் பொருந்தும் நம்பிக்கை வேறு வகைப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

ஆனதோத்து நிலம்

அந்த வேறு வகை யாது என்பதை எரேமியா நூலின் 32ஆம் அதிகாரம் ஒரு நிகழ்ச்சியால் விளக்குகின்றது. எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருந்த நேரம். நகரம் வீழும் என்று உண்மையைச் சொன்ன குற்றத்திற்காக எரேமியாவை அரசன் சிதேக்கியா காவல்முற்றத்தில் அடைத்து வைத்திருந்தான். அப்போது அவருடைய சிற்றப்பன் மகன் அனாமெயேல் அங்கு வந்து, ஆனதோத்து என்னும் ஊரிலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளுமாறு கேட்டான். உறவினரே அதனை மீட்டுக்கொள்ளும் உரிமை உடையவர் என்பது அந்நாட்டு வழக்கம். ஆனதோத்து எருசலேமுக்கு அண்மையிலுள்ள சிற்றூர். பகைவர் படை பரவிநின்ற நாட்டில், சிறையிலிருப்பவன் நிலம் வாங்குவதினும் பேதைமை வேறு உண்டோ?

எரேமியா வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. இன்றைய நிறையில் ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். சாட்சிகளை வைத்து, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி முத்திரையிட்டார். முத்திரையிட்ட படி, திறந்த படி ஆகிய இரண்டையும் தம் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்நாட்டில் மீண்டும் வீடுகளும் வயல்களும் கொடிமுந்திரித் தோட்டங்களும் விலைக்கு வாங்கப்படும் என்பதே அச்செயலின் பொருள்.

இதனை அடுத்து வரும் பகுதியே இன்னும் நுட்பமானது. நிலத்தை வாங்கிய பின்பு எரேமியா இறைவனிடம் முறையிடுகின்றார்: நகரமோ பகைவர் கையில் விழப்போகின்றது, நீரோ நிலம் வாங்கச் சொல்கின்றீர், இஃது என்ன? ஐயம் முற்றும் தீர்ந்த பிறகு அவர் செயலில் இறங்கவில்லை. ஐயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே கையெழுத்திட்டார். நகரமும் வீழ்ந்தது. எரேமியாவோ பின்னர் எகிப்துக்குக் கொண்டு போகப்பட்டார். அந்நிலத்தில் அவர் ஏர் பூட்டியதாக நூல் யாண்டும் கூறவில்லை. கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றிய பின்னரே மக்கள் ஊர் திரும்பும் வழி பிறந்தது.

எபிரேய மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று ‘திக்வா’. அச்சொல்லுக்குக் கயிறு, நூல் என்னும் பொருளும் உண்டு. எரிகோ நகரத்து இராகாபு தன் சாளரத்தில் கட்டிய சிவப்புக் கயிற்றை யோசுவா நூல் இச்சொல்லாலேயே சுட்டுகின்றது. நெய்வோனின் நாடாவினும் விரைந்து தன் நாட்கள் ஓடி, ‘திக்வா’ இன்றி முடிகின்றன என்று யோபு வருந்துமிடத்தில், நம்பிக்கை அற்றது என்பதும் நூல் தீர்ந்தது என்பதும் ஒருங்கே தோன்றுகின்றன. நம்பிக்கை கையால் பற்றத்தக்க ஒன்று, கட்டத்தக்க ஒன்று என்னும் எண்ணத்தை இச்சொல் தாங்கி நிற்கின்றது. எரேமியாவின் கையில் அக்கயிறு ஒரு நிலப்பத்திரமாயிற்று.

பத்துப் பத்து வெள்ளியாய்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மலாயாத் தோட்டத் தமிழரை வேறொரு முற்றுகை சூழ்ந்தது. அதுவே தோட்டத் துண்டாடல். 1950களில் வெளிநாட்டு உடைமையாளர் பலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைக் கூறுகூறாகப் பிரித்து மீண்டும் விற்றனர். தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தனர்.

அந்நாளில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, விற்பனைக்கு வந்த தோட்டங்களை அவர்களுக்கே உரிமையாக்குதல் அதன் நோக்கம். சங்கம் தொடக்கக் காலத்தில் வாங்கிய தோட்டங்களுள் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டமும் ஒன்று.

எரேமியாவைப் பார்த்து எவரும் இதைச் செய்தனர் என்பது இங்குக் கருத்தன்று. பங்கு சேர்த்தவருள் பல சமயத்தாரும் இருந்தனர். எனினும் இரு செயல்களின் இயல்பும் ஒன்றே. தோட்டங்கள் கைநழுவும் காலத்தில், நாளைக்கு வேலை உண்டோ இல்லையோ என்னும் ஐயத்தோடு, அன்றாடக் கூலியிலிருந்து பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்தவர் செய்தது ஆனதோத்துச் செயலே. அப்பங்குச் சீட்டும் ஒரு மண்பாண்டத்துப் பத்திரம் போன்றதே.

ஆறுதல் சொல்லும் முறை

மாணவர்க்கும் அயலார்க்கும் ஆறுதல் சொல்லும் கடமை ஆசிரியர்க்கு அடிக்கடி நேர்வது. அதற்கும் விவிலியம் ஓர் இலக்கணம் வகுத்துள்ளது. மக்களையும் செல்வத்தையும் இழந்து நோயுற்ற யோபுவைக் காண நண்பர் மூவர் வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவனுடன் தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. வாய் திறந்த பின்போ, துன்பத்திற்கு அவன் பாவமே காரணம் என்று விளக்கத் தலைப்பட்டனர். நூலின் இறுதியில் இறைவன் கடிந்துகொள்வது முறையிட்ட யோபுவை மட்டுமன்று. முறைப்படி விளக்கம் சொன்ன நண்பர்களையே அவன் பிழை பேசினோர் எனத் தீர்க்கின்றான்.

பவுலடியாரும் உரோமர்க்கு எழுதிய திருமுகத்தில் நம்பிக்கையை வரிசையின் தொடக்கத்தில் வைக்கவில்லை. துன்பத்தைத் தாங்கி, அதனாற் பொறுமை பிறந்து, குணம் உறுதிப்பட்ட பின்னரே நம்பிக்கையைச் சொல்கின்றார். ஆகவே துயருற்றவனிடம் முதல் நாளிலேயே நம்பிக்கையைக் கேட்பது முறையன்று.

இவற்றைத் தொகுத்து நோக்கின், துன்பக் காலத்திற்கென விவிலியம் மூன்றைக் கற்பிக்கின்றது எனலாம். அழுகைக்கு இடம் கொடுத்தல் முதலாவது. பொய்யான காலக்கெடுவை மறுத்தல் இரண்டாவது. பலனைத் தான் காணாவிடினும் பின்வருவார்க்கென ஒரு செயலைச் செய்து வைத்தல் மூன்றாவது.

இன்று கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. லயங்களை விட்டு நகரம் புகுந்த குடும்பங்களுக்குத் துன்பத்தின் வடிவம் மாறியதேயன்றித் துன்பம் மாறவில்லை. வேலை போன வீட்டில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்து வைக்கும் தாயும், மாணவர் குறைந்துவரும் தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்புக்கு அகரம் எழுதிக் காட்டும் ஆசிரியரும் முடிவு இன்னதென்று அறியாமலே தம் கடமையைச் செய்கின்றனர். முற்றுகைக்குள் நிலம் வாங்கியவரின் கதை அவர்களுக்கு உரியது.