மாநிலங்களவையில் அண்ணாவின் முதலாண்டு

1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோல்வியுற்ற அறிஞர் அண்ணா, அவ்வாண்டே மாநிலங்களவை உறுப்பினரானார். மே மாதக் கன்னிப்பேச்சில் திராவிட நாட்டுக் கோரிக்கையை முன்வைத்தார். 1963 சனவரியில் பிரிவினைத் தடைக்கான பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தத்தை எதிர்த்தார். இவ்விரண்டுமே பெரிதும் பேசப்படுகின்றன. நாம் கூர்ந்து நோக்க விழைவது ஆட்சிமொழி மசோதா விவாதத்தையே. மொழிக்கொள்கையின் நன்மையும் சுமையும் அனைவருக்கும் சமமாகப் பகிரப்படல் வேண்டும் என்றார் அண்ணா. மசோதாவோ ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது. 'தொடர வேண்டும்' என்றிருக்கக் கோரியது தி.மு.க. இரண்டும் ஒரே பொருளுடையன என்றார் பிரதமர் நேரு. விகுதி வேறுபாட்டை வகுப்பில் விளக்கும் நமக்கு இவ்விளக்கம் ஏற்புடையதன்று. மசோதா அச்சொல்லுடனேயே நிறைவேறியது. 1965 மொழிப்போராட்டத்திற்குப் பின்னர், 1967ஆம் ஆண்டுத் திருத்தமே, இந்தியை ஏற்காத மாநிலங்களுடனான மத்திய அரசின் கடிதத்தொடர்புக்கு ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. அப்போது அண்ணா சென்னை மாநில முதலமைச்சர்.