விடுமுறைப் படகும் வெட்டுண்ட மரங்களும்

மணிக்கு 8 கிலோமீட்டர். பிரான்சின் தென்பகுதியில் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர் நீளும் ‘கனால் து மிதி’ என்னும் கால்வாயில் படகுகளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் இது. கரையில் மிதிவண்டி ஓட்டும் சிறுவன்கூட நம்மை முந்திச் சென்றுவிடுவான். ஒரு கோடைக்காலத்தில் கஸ்தெல்நோதரி என்ற சிற்றூரில் வாடகைப் படகு எடுத்து, நானும் என் மனைவியும் நண்பர் குடும்பமும் ஒரு வாரம் பயணம் செய்து பெசியே நகரை அடைந்தோம். சமையலும் உறக்கமும் படகிலேயே. அதை ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. சிறிது நேரம் பயிற்சி அளித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

திராட்சைத் தோட்டங்கள், தேவாலயக் கோபுரம் தெரியும் கிராமங்கள், காலையில் ரொட்டிக் கடைக்கு நடை: சுற்றுலா விளம்பரங்கள் காட்டும் இவையெல்லாம் உண்மையாகவே அங்கு இருக்கின்றன. ஆனால், முதல் நாளே நமக்குப் புரிவது வேறொன்று. நாம் மிதப்பது இயற்கையான ஆற்றில் இல்லை. ஒவ்வொரு சொட்டும் கணக்கிட்டுக் கொண்டுவரப்பட்ட நீரில்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படகை இறக்க, இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட கல் தொட்டிகளைக் கட்டியிருக்கிறார்கள். பொறியாளர்கள் இதை ‘லாக்’ என்பார்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடப்படும். முன்பக்கம் நீர் திறந்துவிடப்படும். நீர்மட்டம் தாழத் தாழப் படகும் தாழும். கரையிலுள்ள குற்றியில் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டுமே தவிர, முடிச்சிடக் கூடாது. முடிச்சிட்டால் நீர் இறங்கிய பின் படகு அந்தரத்தில் தொங்கும். இந்தத் தொட்டிகள் நீள்வட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தொடக்கத்தில் கட்டிய நேர்ச்சுவர் ஒன்று மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்தது. அதன் பிறகே சுவர்களை வளைத்துக் கட்டினார்கள். மதிய உணவு வேளையில் பணியாளர் கதவைப் பூட்டிவிட்டுச் சென்றால், ஒரு மணி நேரம் கரையோரம் காத்திருக்கத்தான் வேண்டும். எங்கள் நண்பருக்கு இது பெரும் எரிச்சல். எனக்கோ அந்த ஒரு மணி நேரமே பயணத்தின் சிறந்த பகுதியாகத் தோன்றியது.

கால்வாயைக் கட்டியவர் பொறியாளர் அல்லர். பெசியேவில் பிறந்த பியேர் போல் ரிக்கே, உப்பு வரியைக் குத்தகைக்கு எடுத்து வசூலித்தவர். அட்லாண்டிக் பக்கமிருந்து மத்தியதரைக் கடலுக்கு வரும் சரக்கு, ஸ்பெயினைச் சுற்றி ஜிப்ரால்டர் வழியே செல்லாமல் நாட்டுக்குள்ளேயே செல்ல வேண்டும் என்பது மன்னர் பதினான்காம் லூயியின் அவையில் நெடுநாள் பேசப்பட்ட திட்டம். இரு கடல்களுக்கும் இடையிலான நரூஸ் மேட்டுக்கு நீரை எப்படி ஏற்றுவது என்பதே யாருக்கும் பிடிபடாத சிக்கல். கருமலை எனப்படும் தொடரின் ஓடைகளை மறித்து, வாய்க்கால்கள் வழியே 189 மீட்டர் உயரத்திலுள்ள நரூஸுக்குக் கொண்டுவரலாம் என்று காட்டியவர் ரிக்கே. சான் ஃபெரெயோல் என்ற இடத்தில் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் நீர் தேக்கும் அணை எழுந்தது. 1666-இல் அரசாணை, 1681-இல் திறப்பு. தன் செல்வத்தையெல்லாம் இதில் கொட்டிய ரிக்கே, திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன், 1680-இல் இறந்துபோனார்.

ஒரு காலகட்டத்தில் ஏறத்தாழ 12,000 பேர் இங்கே வேலை செய்தார்கள். அவர்களில் பெண்களும் கணிசமாக இருந்தார்கள். பிரனே மலைக் கிராமங்களின் உழவர் பெண்கள் மண் சுமந்ததோடு நிற்கவில்லை, சரிவில் நீரை நடத்திச் செல்லும் தலைமுறை அறிவையும் கொண்டுவந்தார்கள் என்று சமூகவியலாளர் சந்திரா முகர்ஜி 2009-இல் வெளியான தம் நூலில் வாதிடுகிறார். கரையில் நிற்கும் சிலைகள் ரிக்கேக்கு மட்டுமே.

1787-இல் பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், சக்கரங்களைக் கழற்றிய தம் வண்டியைப் படகில் ஏற்றி, அதற்குள் அமர்ந்தபடி இந்தக் கால்வாயைக் கடந்தார். அடுத்த நூற்றாண்டில் ரயில் வந்தது. 1858-இல் கால்வாயை நாற்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்ததும் ரயில் நிறுவனமே. போட்டியாளரிடம் சாவியைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. சரக்குப் போக்குவரத்து நலிந்து, 1980-களோடு ஏறக்குறைய முடிந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவை எங்களைப் போன்றோரின் விடுமுறைப் படகுகள். 1996-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் கால்வாய் இடம்பெற்றது.

மூன்றாம் நாள் மாலை நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இருட்டும் நேரத்தில் கிராமத்துக்கு வெளியே படகை நிறுத்தி, கரையிலிருந்த பருத்த மரமொன்றில் கயிற்றைக் கட்டினேன். நாயுடன் நடந்து வந்த மூதாட்டி ஒருவர் நின்றார். கோபப்படவில்லை, மரத்தின் அடியில் பட்டை உரிந்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு கால்வாய் வளைவுக்கு அப்பால் கையை நீட்டினார். அங்கே மரங்களே இல்லை.

அவை பிளேன் மரங்கள். காஷ்மீரின் சினார் மரத்துக்கு நெருங்கிய உறவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடப்பட்டுச் சுமார் 42,000 மரங்கள் கரையோரம் நின்றன. அவற்றின் வேர்கள் கரையைக் கட்டிப் பிடிக்கின்றன. நிழல் நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. 2006-இல் இந்தக் கரையில் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையில் ஒட்டிக்கொண்டு அது பிரான்சுக்குள் வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. மருந்து கிடையாது. தாக்கப்பட்ட மரம் சில ஆண்டுகளில் பட்டுவிடும். அதையும் அதன் அண்டை மரங்களையும் வெட்டி எரிப்பது ஒன்றே வழி. அப்படி வெட்டப்பட்டவை பல்லாயிரம். பட்டையிலும் வேரிலும் ஏற்படும் காயமே நோயின் நுழைவாயில். படகு இடித்துச் சிராய்க்கும் வேர் அப்படியொரு காயம். கயிறு அறுத்த பட்டை இன்னொன்று. நோய் நீர்வழியாகவும் பரவும். கால்வாயைக் காண வருகிறவனே அதன் மரங்களுக்குக் கூற்றுவன் ஆகிறான்.

நீரின் கதையும் இப்படித்தான். ஒரு தொட்டி ஒருமுறை திறந்து மூடினால் சில லட்சம் லிட்டர் நீர் கீழே போய்விடும். கோடையில் அதே நீரை வயல்களும் கேட்கின்றன. மழை குறைந்த ஆண்டுகளில் ஒற்றைப் படகுக்குக் கதவு திறக்காமல், பல படகுகள் சேரும்வரை காத்திருக்கச் செய்கிறார்கள். எரிச்சலடைந்த நண்பருக்கு இதை விளக்கியபோது, அன்றிலிருந்து அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

பயணிகள் வராவிட்டால் இந்தக் கதவுகளையும் கரைகளையும் பராமரிக்கும் செலவுக்கு அரசிடம் நியாயம் கேட்பது கடினம். ஆகவே, வரவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், உரிமம் இல்லாதவர் கையில் படகைக் கொடுக்கும்போது, எதில் கயிறு கட்டக் கூடாது என்பதற்கும் சுக்கான் திருப்பக் கற்றுத்தரும் அதே நேரத்தை ஒதுக்க வேண்டும். வாடகையோடு மரநடவுக்கென ஒரு தொகையைக் கட்டாயமாகச் சேர்த்தால், நான் முணுமுணுக்காமல் கொடுத்திருப்பேன்.

வெட்டிய இடங்களில் நடுவதற்கு ஒரே இனத்தை நம்பாமல், ஒருவகை ஓக் மரத்தை முதன்மையாக வைத்து வேறு பல இனங்களையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெசியேவை நெருங்கும் முன் அப்படியொரு பகுதியைக் கடந்தோம். கன்றுகள் என் தோளுயரம்கூட இல்லை. வெயில் நேராகத் தலையில் இறங்கியது. அன்று மாலை படகில் இருந்த இரும்பு முளைகளையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். காய்ந்த கரையில் முளை அடிக்க அரை மணி நேரம் பிடித்தது.