பட்டனை அமத்தினா மெஷின் உடையாது
வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர்கள் புதுக் கருவிகளோடு பழகுவது எப்படி?



கல்முனை எங்கே, நம்ம மலை எங்கே என்று கேட்பீர்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தையும் சாரியையும் கண்டவர்களுக்கு அந்தக் கரை அந்நியமில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கடற்கரையில் ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. அங்கேயும் நம்ம லயத்திலும் இன்று ஒரே கதைதான். பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்கிறார்கள். வயதானவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வது இன்னொரு பெண். அவர் கையில் இப்போது பிரஷர் மெஷின், சீனி பார்க்கும் மெஷின், கைத்தொலைபேசி எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றைத் தொடும் தைரியம் வந்து சேர்ந்ததா?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

சாய்ந்தமருதில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பாரிசவாதம் வந்து படுத்திருக்கும் ஓர் உம்மா. அவரைப் பார்க்க வரும் ஐம்பது வயது ராத்தா. கட்டாரில் இருக்கும் மகள் அனுப்பிய பிரஷர் மெஷின் பெட்டியோடு அலுமாரியில் கிடக்கிறது. "நான் அமத்தி உடைஞ்சிட்டா ஆரு காசு குடுக்கிற?" என்பது ராத்தாவின் பயம்.

ஒருநாள் உம்மா தலை சுத்துது என்கிறார். அவசரத்தில் சட்டைக் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றுகிறார் ராத்தா. உம்மாவின் கால் கட்டிலிலிருந்து தொங்குகிறது. அப்போதுதான் தேத்தண்ணி குடித்திருக்கிறார். மெஷின் 178 என்று காட்டுகிறது. பயத்தில் ராத்தா இன்னொரு குளிசையைக் கொடுத்துவிட்டால்? பிரஷர் சடாரென்று இறங்கி, உம்மா எழும்பும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். மெஷின் பொய் சொல்லவில்லை. அளந்த விதம்தான் பிழை. அந்த ராத்தா கெட்டிக்காரிதான். யாரும் அவருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிரஷர் மெஷின்: இப்படிச் செய்யுங்கள்

1. அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன் பிளேன்டீ, கோப்பி, சுருட்டு வேண்டாம். தேயிலைக்காரர் நாமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.
2. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் பட வேண்டும். கால் மேல் கால் போடக்கூடாது.
3. பட்டியை வெறும் கையில் கட்டுங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேலோ தலையணை மேலோ இருக்கட்டும்.
4. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவையும் பாருங்கள். இரண்டையும் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள்.

மேலே வருவது இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம், கீழே வருவது விரியும்போதுள்ளது. வீட்டில் அமைதியாக அளக்கும்போது திரும்பத் திரும்ப 135/85க்கு மேல் வந்தால் கிளினிக்கில் காட்ட வேண்டும். 180/120ஐத் தாண்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் விழுதல் போன்றவையும் இருந்தால் தாமதிக்க வேண்டாம், 1990க்கு எடுங்கள். வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்துவிட்டால் மெஷின் எந்த எண்ணைக் காட்டினாலும் 1990தான். வைத்தியர் சொல்லாமல் குளிசையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

எண்ணுக்குப் பதில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து விழுந்தால் நோயாளிக்கு ஆபத்து என்று அலற வேண்டாம். அளக்க முடியவில்லை என்று மெஷின் சொல்கிறது. பட்டியைச் சரிசெய்து, பற்றரியைப் பார்த்து, மறுபடி தொடங்குங்கள்.

சீனி மெஷின்

முதலில் நோயாளியின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலும் எண் கூடிவிடும். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு. ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குப் பாவிக்கவே கூடாது. பட்டிகள் உள்ள போத்தலை உடனே மூடுங்கள், காலாவதித் திகதியையும் பாருங்கள். நம்ம மலையின் ஈரத்தில் திறந்து வைத்த பட்டி பிழையான எண்ணைக் காட்டும்.

70க்குக் கீழே வந்தால் சீனி குறைந்துவிட்டது என்று பொருள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரியும். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், உடனே 1990.

கல்முனைப் பக்கம் நோன்பு மாதத்தில் இது பெரிய கேள்வி. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுரை. ஆகவே அந்த மாதத்தில் மெஷினை மூடி வைக்கக்கூடாது, கூடுதலாகப் பாவிக்க வேண்டும்.

கொப்பி போனாலும் கணக்கு இருக்க வேண்டும்

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகளோடு கிளினிக் அட்டைகளும் கடலோடு போயின. பிழைத்தவருக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று யாரிடம் கேட்பது? மண்சரிவுப் பயத்தில் லயத்தை விட்டு இரவோடு இரவாக ஓடும் நமக்கும் இது புரியும். மருந்துச் சிட்டையையும் கிளினிக் கொப்பியையும் போனில் படம் எடுத்து, பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். கடதாசி ஒரு இடம், படம் இரண்டு இடம்.

நாட்டளவிலும் இதையே செய்தார்கள். 2020 ஜனவரியில், கொரோனா வந்த வேளையில், நம் சுகாதார அமைச்சு நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ். 2 என்ற கணினி முறையைக் கொண்டு நோய்க் கண்காணிப்புப் பதிவைத் தொடங்கியது. 2021 ஜனவரி 29 முதல் தடுப்பூசி போட்டபோதும் அதே முறைதான். இங்கே செய்ததைப் பார்த்து வேறு நாடுகளும் எடுத்துக்கொண்டன.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அந்தந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சீனியும் பார்த்து, மருந்தும் கொடுக்கிறார்கள். 2024இல் அத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது. அவர்களால் முடிந்தது நம்ம வீட்டுப் பெண்ணால் முடியாதா?

பயம் போக வழி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒருநாள் மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசி அனுப்பினால் யாருக்கும் கை வராது. நாம் சொல்வது இதுதான்:

* ஒரு கிழமைக்கு ஒரு கருவி போதும். முதலில் பிரஷர், பிறகு சீனி, அதற்குப் பிறகு போன்.
* முதல் பழக்கம் சுகமாக இருப்பவர் கையில் நடக்கட்டும். பிழை விட்டாலும் யாருக்கும் சேதமில்லை.
* சொல்லிக் கொடுப்பவர் மெஷினைப் பறித்துத் தானே அமத்தக்கூடாது. கற்பவர் கைதான் அமத்த வேண்டும். பிறகு "இப்ப எனக்குச் சொல்லித் தாங்க" என்று கேளுங்கள். திருப்பிச் சொன்னால் விளங்கிவிட்டது.
* ஒரு மாதம் கொப்பியிலும் எழுதுங்கள், போனிலும் போடுங்கள்.
* போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். எழுத வராவிட்டால் பேசி அனுப்பலாம்.
* இளையவருக்குப் போன் தெரியும், மூத்தவருக்கு நோயாளியைத் தெரியும். இருவரையும் சோடி சேர்த்தால் இருவரும் கற்பார்கள்.

மிட்வைஃப் அம்மாமார் பல பத்தாண்டுகளாகத் தகுதியுள்ள குடும்பப் பதிவேட்டையும் கர்ப்பவதி அட்டையையும் பிழையில்லாமல் எழுதி வந்தவர்கள். எண்களோடு வாழ்ந்த அவர்களுக்கு, பட்டன் மட்டும்தான் புதிது. சிரிக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

இரகசியம் காப்போம்

நோயாளி படுத்திருக்கும் படத்தை வாட்ஸ்அப் கூட்டத்தில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேடமாகப் பாதுகாக்கச் சொல்கிறது. போனுக்கு வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

இன்றைக்கே ஒரு வேலை

1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்தது. காசு இல்லை. தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை வீட்டிலுள்ள எல்லாப் போனிலும் இன்றிரவே போட்டு வையுங்கள். டிவிஷன் பெயர், லயத்தின் இலக்கம், ரோட்டிலிருந்து வரும் வழி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அவசரத்தில் நாக்குக் குழறும், தாள் குழறாது.

பிறகு அலுமாரியில் இருக்கும் அந்தப் பெட்டியை வெளியே எடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள். பட்டனை அமத்திப் பாருங்கள். மெஷின் உடையாது.