அந்தி நேரமும் கயாக் படகும்

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறி வரும் கார்க்காரர்கள் எங்கள் லைன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, "தம்பி, இங்க போட்டிங் எங்க?" என்று கேட்பார்கள். கீழே ஹைவேவிஸ் ஏரி கண்ணாடி மாதிரிக் கிடக்கும்போது கேட்கத்தான் தோன்றும். ஆனால் ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு எல்லாமே மின்சாரத்துக்காகத் தேக்கிய அணைநீர். 2021-இல் இந்தப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. சாயங்காலம் யானை தண்ணீருக்கு இறங்கும் நேரம். நினைத்த இடத்தில் படகை இறக்கிவிட முடியாது.

எங்க அப்பா வருஷக்கணக்காக இந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே தேயிலைக் காட்டில் வேலை செய்கிறவர். அதில் கால் நனைத்ததில்லை. அசையாத தண்ணீரை அவர் நம்புவதே இல்லை. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறதா என்று எங்கள் பாடப்புத்தகத்தை வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தானே!

கயாக் என்பது வட துருவப் பக்கம் வாழும் இனூயிட் மக்களின் வேட்டைப் படகு. மரச்சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துக் கட்டிச் செய்தார்கள். இப்போது சுற்றுலாவில் கொடுப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கயாக். நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி செய்யும் அதே முறைதான். பிளாஸ்டிக் பொடியை அச்சுக்குள் போட்டு, சூடாக்கிக்கொண்டே சுழற்றுவார்கள். உள்ளே முழுக்கக் காற்று.

கொச்சிக்கு ஐ.வி. போய்த் திரும்பும்போது ஆலப்புழை வாய்க்காலில் ஒரு சாயங்காலம் எங்களை கயாக்கில் ஏற்றினார்கள். படகின் தரையில் துளைகளைப் பார்த்ததும், "என்னடா, ஓட்டைப் படகைக் கொடுக்கிறாங்க!" என்று எங்கள் கோஷ்டி கத்தியது. விஷயம் வேறு. உட்காரும் தளம் நீர்மட்டத்தைவிடக் கொஞ்சம் மேலே இருப்பதால், தெறித்து விழும் தண்ணீர் அந்தத் துளை வழியே வடிந்துவிடும். வடியாமல் தேங்கினால் ஆபத்து. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீரும் ஓடி, இன்னும் சாய்க்கும். அரை லோடு தண்ணீர் லாரி வளைவில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

இனி, ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் நாம் மனப்பாடம் செய்து எழுதும் மெட்டாசென்டருக்கு வருவோம். படகு, ஆட்கள் எல்லாருடைய எடையும் புவியீர்ப்பு மையத்தில் கீழ்நோக்கி இழுக்கிறது. தண்ணீரோ, மூழ்கிய பகுதியின் மையத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு சாய்ந்தால் மூழ்கிய பகுதியின் வடிவம் மாறி, அந்த மையம் சாய்ந்த பக்கம் நகரும். அங்கிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டால், படகின் நடுக்கோட்டை அது வெட்டும் புள்ளிதான் மெட்டாசென்டர். அது புவியீர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால் படகு தானாக நிமிரும். கீழே போய்விட்டால் கவிழும். கயாக் முக்கால் மீட்டர் அகலம்தான். ஆனாலும் காலை நீட்டி ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே உட்காருவதால் புவியீர்ப்பு மையம் தாழ்ந்து கிடக்கிறது. போட்டோவுக்கு எழுந்து நின்றால் கணக்கு மாறிவிடும்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தேக்கடிதான் ஞாபகம் வரும். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவதே அந்தத் தண்ணீரில்தான். 2009 செப்டம்பர் 30 அன்று மாலை, ஜலகன்யகா என்ற இரண்டு தட்டுப் படகு அங்கே கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். புயல் இல்லை, அலை இல்லை. கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்று செய்திகள் கூறின. மேல் தட்டில் ஆள் ஏறினால் புவியீர்ப்பு மையம் உயரும். எல்லாரும் ஒரு பக்கம் போனால் அது பக்கவாட்டிலும் நகரும். பெரும்பாலோர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அப்பா பயந்தது சும்மா இல்லை. ஆனால் அங்கே குற்றம் தண்ணீருடையது அல்ல.

ஆலப்புழையில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்த சேட்டன் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். துடுப்பைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒவ்வொருவர் ஜாக்கெட் பக்கிளையும் இழுத்துப் பார்த்தார். கவிழ்ந்தால் கரைக்கு நீந்தாதே, படகைப் பிடித்துக்கொள் என்றார். கயாக் கவிழ்ந்தாலும் மிதக்கும், தூரத்திலிருந்து கண்ணுக்கும் தெரியும். துடுப்புப் போடுவது பெரிய வித்தை இல்லை. வலப்பக்கம் போட்டால் இடப்பக்கம் திரும்பும், பத்து நிமிஷத்தில் கை பழகிவிடும்.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். சூரியன் நன்றாக மேலே இருக்கும்போதே அவர் திரும்பச் சொல்லிவிட்டார். கையை நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக வைத்துக் காட்டினார். நாலு விரல் இடம் இருந்தால் ஏறத்தாழ அரைமணி நேரம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது; மறைந்த பிறகு கண் தெரியும் வெளிச்சம் சுமார் இருபது நிமிஷம்தான். லண்டனில் ஜூன் மாதம் அது முக்கால் மணிக்கு மேல் நிற்கும்.

தேனிப் பக்கம் சூரியன் மறைவது ஜூனில் சுமார் 6.40, டிசம்பரில் சுமார் 6 மணி. கம்பம், கூடலூர் நண்பர்கள் இந்தக் காலண்டர் நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மேற்கே மலை நிற்பதால் அதற்கு முன்பே நிழல் விழுந்துவிடும். எங்கள் மேகமலையில் மேகம் இறங்கிவிட்டால் நாலு மணிக்கே எதிர்க்கரை தெரியாது.