துவிச்சக்கரவண்டியும் அரசின் கொள்கையும்: ஒல்லாந்து நாடு காட்டும் பாடம்

ஒரு நாட்டு மக்கள் தம் இல்லத்தினின்றும் பள்ளிக்கும் சந்தைக்கும் தொழிற்களத்திற்கும் எவ்வாறு சென்று மீளுகின்றனர் என்பது அவர்தம் விருப்பத்தை மாத்திரம் பொறுத்ததன்று. வீதியைச் சமைப்பவர் அவ்விருப்பத்தையும் உடன் சமைக்கின்றனர். அகன்ற வீதியொன்றை மோட்டார் வண்டிகளுக்கே உரியதாக்கி விட்டு, அதன் ஓரத்தில் நின்று, ‘நடப்பது உடலுக்கு நலம், துவிச்சக்கரவண்டி ஓட்டுவது செலவைக் குறைக்கும்’ என்று அறிவுரை கூறுவதாற் பயன் விளைவதில்லை. அறிவுரை உண்மையே எனினும், தன் பிள்ளையை அவ்வீதியிற் செல்லவிடத் தாய் அஞ்சுவாளாயின் அவ்வுண்மை ஏட்டளவில் நின்றுவிடும். நடையையும் துவிச்சக்கரவண்டியையும் ஓர் அரசு ஊக்குவிக்க முற்படுமிடத்து முதற்கண் செய்யவேண்டுவது யாது என்னும் வினாவுக்கு விடைபகரத் தக்க நாடு ஒல்லாந்து எனப்படும் நெதர்லாந்து ஆகும்.

ஒல்லாந்தர் என்ற பெயர் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதன்று. 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அம்மக்கள் தம் ஊர்ப் பெயர்களை இங்குள்ள தீவுகளுக்கு இட்டு மகிழ்ந்தனர். நெடுந்தீவு டெல்ஃப்ட் எனப் பெயர் பெற்றது அவ்வாறேயாம். அப்பெயரின் மூலமாகிய டெல்ஃப்ட் நகரம் இக்கட்டுரையிற் பின்னரும் வரும்.

இன்று அந்நாட்டில் ஏறத்தாழ ஒருகோடியே எண்பது இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அங்குள்ள துவிச்சக்கரவண்டிகளின் தொகையோ இரண்டு கோடிக்கு மேற்பட்டது. மக்கள் செய்யும் பயணங்களுள் நாலிலொரு பங்கிற்கு மேற்பட்டவை துவிச்சக்கரவண்டியிலேயே நிகழ்கின்றன. இதனைக் காணும் பிறநாட்டார், ‘அந்நாடு மேடுபள்ளமற்ற சமதரை; அம்மக்கள் இயல்பிலேயே துவிச்சக்கரவண்டிப் பிரியர்; ஆகவே இது வியப்பன்று’ எனக் கூறி அமைவர். சமதரை உதவியது உண்மையே. ஆயின் தரை மாறாதிருக்க, அந்நாட்டிலேயே ஒரு காலத்தில் துவிச்சக்கரவண்டிப் பயணம் விரைந்து அருகிவந்தது என்பதை அன்னார் அறிந்திலர். காரணம் தரையாக இருந்திருப்பின் அவ்வீழ்ச்சி நேர்ந்திராது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னரும் அதன் பின் சில ஆண்டுகளும் ஒல்லாந்தின் நகரங்களிலே துவிச்சக்கரவண்டியே சாதாரண மக்களின் ஊர்தியாக விளங்கிற்று. 1950களிலும் 1960களிலும் நாடு செல்வம் பெறவே, மோட்டார் வண்டிகள் பல்கின. வீதிகள் அகலமாக்கப்பட்டன, பழைய சதுக்கங்கள் வண்டி நிறுத்துமிடங்களாயின, துவிச்சக்கரவண்டிக்கென இருந்த பாதைகள் சில இடங்களில் அகற்றப்பட்டன. 1967ஆம் ஆண்டிலே டேவிட் யோக்கினென் என்னும் அமெரிக்கத் திட்டமிடலாளர், அம்ஸ்டர்டாம் நகரின் பழைய குடியிருப்புக்கள் சிலவற்றை இடித்து நெடும்பெருவீதிகளை நகரின் நடுவே செலுத்த வேண்டுமெனத் திட்டமொன்று வகுத்தார். அது நிறைவேறவில்லை எனினும், அக்காலத்து எண்ணப்போக்கு எத்தகையது என்பதற்கு அதுவே சான்றாகும். துவிச்சக்கரவண்டி ஒழிந்துபோகும் பழம்பொருள் என்றே பலரும் கருதினர்.

இம்மாற்றத்திற்கு நாடு கொடுத்த விலை உயிர்களாகும். 1971ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நாட்டு வீதிகளில் 3,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவருள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். அவ்வாறு மகளை இழந்தவர்களுள் விக் லங்கன்ஹொவ் என்னும் பத்திரிகையாளரும் ஒருவர். அவர் 1972ஆம் ஆண்டில் ‘சிறுவர் கொலையை நிறுத்துக’ என்னும் பொருளுடைய தலைப்பிட்டுக் கட்டுரையொன்று வரைந்தார். விபத்து என்று பிறர் கூறியதை அவர் கொலை என்று கூறியதே அக்கட்டுரையின் வன்மை. விபத்து எனின் விதியை நோவதன்றி வேறு வழியில்லை. கொலை எனின் அதற்குப் பொறுப்பாளர் உளர். அத்தலைப்பையே பெயராகக் கொண்டு இயக்கமொன்று எழுந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் வீதிகளை மறித்து நின்று, வீதி தமக்கும் உரியது என வாதாடினர். 1975ஆம் ஆண்டிலே துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர் தமக்கென ஒரு சங்கத்தையும் நிறுவினர். அச்சங்கம் இன்றும் இயங்கி வருகின்றது.

இவ்வெழுச்சியின் நடுவே, 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அராபிய நாடுகள் ஒல்லாந்துக்கு எண்ணெய் அனுப்புவதைத் தடைசெய்தன. பிரதமர் யோப் டென் அவுல் தலைமையிலான அரசு, அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் தொடக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டி ஓட்டுவதற்குத் தடை விதித்தது. நெடும்பெருவீதிகளிலே மக்கள் நடந்தனர், சிறுவர் விளையாடினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அத்தடை நீங்கிற்று. எண்ணெய்த் தட்டுப்பாடே ஒல்லாந்தை மாற்றியது என்பர் சிலர். அது முழுமையும் பொருந்தாது. அத்தட்டுப்பாடு பிற நாடுகளையும் தாக்கிற்று. அவற்றுட் பல, எண்ணெய் மீண்டதும் பழைய வழிக்கே மீண்டன. மோட்டாரின்றி வீதி எவ்வாறிருக்கும் என்பதை மக்கள் கண்ணாரக் காணத் தட்டுப்பாடு வாய்ப்பளித்தது. அக்காட்சியை நிலைக்கச் செய்தது அதன்பின் வந்த கொள்கையே.

அக்கொள்கை ஒரே நாளில் முதிர்ந்ததன்று. பிழைத்தும் திருத்தியும் வளர்ந்தது. 1970களின் நடுப்பகுதியிலே மத்திய அரசின் பொருளுதவியோடு ஹேக், டில்பேர்க் ஆகிய நகரங்களில் மாதிரிப் பாதைகள் அமைக்கப்பட்டன. நகரினூடே ஒரு சிறந்த பாதை அமைப்பின் மக்கள் துவிச்சக்கரவண்டிக்குத் திரும்புவர் என எதிர்பார்க்கப்பட்டது. முன்னமே வண்டியோட்டியவர்கள் பக்கத்து வீதிகளை விட்டு அப்பாதைக்கு வந்தனர். புதிதாக வண்டியேறியவரோ சிலரே. காரணம் வெளிப்படை. எவரும் பாதையின் தொடக்கத்தில் வாழ்ந்து அதன் முடிவில் தொழில் புரிவதில்லை. வாயிலினின்று வாயில்வரை வழி பாதுகாப்பாய் இருத்தல் வேண்டும். இடையிலே ஒரு சந்தி அச்சந் தருவதாயினும் பயணம் முழுவதும் கைவிடப்படும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியளவே என்னும் உண்மை ஈண்டும் பொருந்தும்.

இப்பாடத்தைக் கற்றவர் டெல்ஃப்ட் நகரத்தார். அவர்கள் 1980களில், ஒரு பாதையை அன்றி நகர் முழுவதையும் தழுவிய வலைப்பின்னலொன்றை அமைத்தனர். நகரளவிலான பெரும் பாதைகள், பகுதிகளை இணைக்கும் இடைத்தரப் பாதைகள், அயலிடங்களை இணைக்கும் சிறுபாதைகள் என அது மூவகைப்பட்டது. விடுபட்ட இணைப்புக்களைப் பாலங்களாலும் சுரங்கவழிகளாலும் நிரப்பியதே அத்திட்டத்தின் சிறப்பு. நடப்போர் நலன் கருதிய மற்றொரு முறையும் முன்னரே அந்நகரில் வளர்ந்திருந்தது. குடியிருப்புத் தெருவை முற்றம்போலக் கருதி, நடப்போரும் விளையாடுஞ் சிறுவரும் அதன் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம், மோட்டார் வண்டி அங்கு விருந்தினன்போல நடைவேகத்திற் செல்ல வேண்டும் என்பதே அம்முறை. 1976ஆம் ஆண்டில் இதற்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது.

குரோனிங்கன் நகரம் வேறொரு வழியைக் காட்டிற்று. 1977ஆம் ஆண்டிலே அந்நகரசபை நகரின் மையப்பகுதியை நான்கு கூறுகளாக வகுத்தது. ஒரு கூற்றினின்று மற்றதற்கு மோட்டார் வண்டி நேரே செல்லவியலாது. வெளிப்புறச் சுற்றுவீதிக்குச் சென்றே மீள வேண்டும். நடப்போரும் துவிச்சக்கரவண்டியோட்டுவோரும் நேரே கடக்கலாம். வணிகர் பலர் தம் வாணிபம் கெடுமென எதிர்த்தனர். நகரசபை உறுதியாய் நின்றது. மோட்டார் வண்டிக்கு அந்நகரில் இடமில்லை எனக் கூறப்படவில்லை. குறுந்தூரத்திற்கு அது நீள்வழியாயிற்று. எவர்க்கும் அறிவுரை கூறாமலே, எது எளிதோ அதனை மக்கள் மேற்கொண்டனர்.

வேகக் கட்டுப்பாடு இக்கொள்கையின் மற்றோர் உறுப்பு. 1980கள் தொடக்கம் குடியிருப்புப் பகுதிகளிலே மணிக்கு 30 கிலோமீற்றர் என்னும் எல்லை பரவலாயிற்று. இதன் நியாயத்தைப் பௌதிகவியல் மாணவர் எளிதில் உணர்வர். இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டியின் சக்தி, 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் அதே வண்டியின் சக்தியிலும் ஏறத்தாழ 2.8 மடங்காகும். வேகத்தில் இருபது கிலோமீற்றரே வேறுபாடு. மோதுண்டவனுக்கோ அது உயிருக்கும் மரணத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடாகலாம். எனவே வேகம் குறைந்த தெருவில் யாவரும் கலந்து செல்லலாம். வேகம் மிக்க வீதியில் துவிச்சக்கரவண்டிக்குத் தனிப்பாதை வேண்டும் என்பது அங்கு விதியாயிற்று. அவ்வெல்லையும் பலகையில் எழுதப்பட்டதோடு அமையவில்லை. தெருவை ஒடுக்கியும், மேடு வைத்தும், செங்கல் பரப்பியும் விரைந்து செல்லவியலாதபடி தெருவே அமைக்கப்பட்டது.

சட்டமும் துணைநின்றது. 1994ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, மோட்டார் வண்டி நடப்பவரையோ துவிச்சக்கரவண்டியோட்டுபவரையோ மோதின், தவிர்க்கவொண்ணா நிகழ்ச்சியென நிறுவினாலன்றி, நட்டஈட்டுப் பொறுப்பு மோட்டார் வண்டிக்காரரைச் சாரும். மோதுண்டவர் 14 வயதுக்குட்பட்டவராயின் பெரும்பாலும் முழு நட்டமும் ஈடுசெய்யப்படும். மூத்தவர் தாமே தவறியிருப்பினும், பொதுவாகப் பாதியேனும் ஈடுசெய்யப்படும். இது குற்றத் தண்டனையன்று. ஈட்டுப் பொறுப்பு மாத்திரமே. பேரபாயம் விளைக்கக்கூடிய கருவியை வீதிக்குக் கொணர்பவன் பெரும்பொறுப்பையும் உடன்கொணர்கின்றான் என்பது இதன் உட்கருத்து.

1990ஆம் ஆண்டளவில் மத்திய அரசு துவிச்சக்கரவண்டிப் பெருந்திட்டமொன்றை வகுத்து, நகரங்கள் தனித்தனியே கற்றவற்றை நாட்டுக்குப் பொதுவாக்கிற்று. நல்ல பாதைக்குரிய இலக்கணம் ஐந்தென வகுக்கப்பட்டது: தொடர்ச்சி, நேர்மை, பாதுகாப்பு, வசதி, கவர்ச்சி என்பன அவை. ஈண்டு நேர்மை என்றது வளையாது நேரே செல்லுதலை. இவற்றோடு புகைவண்டி நிலையங்களில் வண்டி நிறுத்தும் மண்டபங்களும் எழுந்தன. 2019ஆம் ஆண்டில் நிறைவுற்ற உட்ரெக்ட் நிலைய மண்டபத்தில் 12,500 வண்டிகள் வரை நிறுத்தலாம். ஆரம்பப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்க்கு வீதி ஒழுங்குப் பரீட்சையும் நடைபெறுகின்றது.

இதற்கு மாறான காட்சியை இங்கிலாந்திற் காணலாம். 1996ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு, துவிச்சக்கரவண்டிப் பயணங்களை 2002ஆம் ஆண்டில் இருமடங்காகவும் 2012ஆம் ஆண்டில் நான்மடங்காகவும் பெருக்குவதென இலக்கு வகுத்தது. அவ்விலக்கு எய்தப்படவில்லை. எண் இருந்தது, அவ்வெண்ணுக்கேற்ற வீதியும் நிதியும் இருக்கவில்லை. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்து வெளியிட்ட புதிய வீதியமைப்பு வழிகாட்டி மேற்கூறிய ஐந்து இலக்கணங்களையே மேற்கொண்டமை, முன்னைய குறையை உணர்ந்ததன் அறிகுறி எனலாம்.

ஒல்லாந்தின் முறை குறையற்றதன்று. 2023ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் இறந்தோர் தொகை 684. சனத்தொகை பெருகியிருந்தும், 1971ஆம் ஆண்டுத் தொகையில் இது நாலிலொரு பங்கிலுங் குறைவு. ஆசனப்பட்டி, தலைக்கவசம், மதுபோதைத் தடை ஆகியவற்றிற்கும் இதிற் பங்குண்டு. ஆயின் அண்மைய ஆண்டுகளில் இறந்தோருள் மோட்டார் வண்டியிற் சென்றோரைவிடத் துவிச்சக்கரவண்டியிற் சென்றோரே மிக்கனர். அவருட் பெரும்பாலோர் முதியோர். மின்விசையால் உந்தப்படும் வண்டிகளின் வேகமும் இன்று ஒரு சிக்கலாகும். துவிச்சக்கரவண்டிக்குக் காட்டிய கவனத்தை நடப்போர்க்கு அந்நாடு முற்றாகக் காட்டவில்லை என்பாரும் உளர். நடைபாதையிலே நிறுத்தப்பட்ட வண்டிகள் முதியோரையும் பார்வையிழந்தோரையும் தடுப்பது அங்கு கண்கூடு. மோட்டார் வண்டிகளின் தொகையும் குறைந்திலது. எனினும் சிறு பயணத்திற்கு அது வேண்டாதபடி செய்தமையே அக்கொள்கையின் வெற்றியாகும்.

தட்டுப்பாடு தரும் வாய்ப்பை இலங்கையும் அறியும். 1990களிலே எரிபொருட்டடை நிலவிய யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கரவண்டியே குடும்பத்தையும் விறகையும் நோயாளியையும் சுமந்தது. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளின்றி வரிசையில் நின்றபோதும் மக்கள் மீண்டும் அவ்வண்டியையே நாடினர். தட்டுப்பாடு நீங்கவே, வறுமைக் காலத்து ஊர்தியென அது மீண்டும் ஒதுக்கப்படலாயிற்று. வேறு வழியின்றி ஏறியவன் வழி கிடைத்ததும் இறங்கிவிடுவான். விரும்பி ஏறுவதற்கு வேண்டுவது பாதுகாப்பான வீதி. அதனைத் தனிமனிதன் சமைத்துக்கொள்ள இயலாது.

ஆகவே ஓர் அரசின் கொள்கையை அளப்பதற்கு அதன் அறிக்கைகளை எண்ணிப் பயனில்லை. பத்து வயதுச் சிறுவனொருவன் துணையின்றித் தன் வீட்டினின்றும் பள்ளிக்கு நடந்தோ துவிச்சக்கரவண்டியிலோ சென்று மீள்வானோ, அவனை அனுப்பிய தாய் அச்சமின்றித் தன் வேலையைப் பார்ப்பாளோ என்று நோக்குதல் வேண்டும். ஒல்லாந்தின் பெற்றோர் 1972ஆம் ஆண்டில் எழுப்பிய வினாவும் இதுவே. அவ்வினாவுக்கு விடையளிக்க அந்நாடு அறிவுரையை நம்பாது தன் வீதிகளையே திருத்தி அமைத்தது.