உங்களுக்குத் தெரியுமா? மெட்டுக்கு இந்தப் பக்கமும் கம்பி, அந்தப் பக்கமும் கம்பி!

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு மாநிலச் சட்டங்களுக்குள் நடமாடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் கை ஓங்கினால் இரண்டுமே விடாது.

தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியில் இருக்கும் டாக்டரையோ நர்ஸையோ தாக்கினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் இது. தூண்டிவிட்டு ஒதுங்கி நிற்பவரும் தப்ப முடியாது.

கேரளத்திலும் 2012 முதல் சட்டம் உண்டு. ஆனாலும் 2023 மே 10 அன்று கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸ் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர், போலீஸாரே சிகிச்சைக்கு அழைத்துவந்த நபர்! அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது: கொடுங்காயம் விளைவித்தால் 7 ஆண்டு வரை சிறை, 5 லட்ச ரூபாய் வரை அபராதம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர், காவலாளி ஆகியோருக்கும் இந்தப் பாதுகாப்பு நீண்டது.

சட்டம் மட்டும் கத்தியைத் தடுக்காது. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பணியில் இருக்கும்போதே குத்தப்பட்டார். நம் பக்கத்து ஆஸ்பத்திரியிலும் அடிபட்டு வருபவர் ஒருவர், கூட வருபவர்கள் ஜீப் நிறைய, டியூட்டியில் ஒரே டாக்டர் என்றால் வாய்த்தகராறு முளைக்க அதிக நேரம் ஆகாது. அதனால் நோயாளியுடன் ஒருவர் மட்டும் உள்ளே போங்கள். குறை இருந்தால் 104-ஐ அழைத்துச் சொல்லுங்கள்.